மண்ணீரல் வீங்கிய குழந்தைக்கு முதலில் கேட்க வேண்டிய டெஸ்ட்: பிரேடியின் ஆராய்ச்சியும் எங்கள் லேப் அனுபவமும்

சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் என்சைம் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். கோஷே, நீமன்-பிக், ஃபேப்ரி, டே-சாக்ஸ் என்று பெயர் சொன்னால் டாக்டர்களிலேயே பலர் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். உடம்பின் செல்களுக்குள் ஒருவகைக் கொழுப்பு சிதையாமல் தேங்கிக்கொண்டே போகும் பரம்பரை நோய்கள் இவை, சேமிப்பு நோய்கள் என்பார்கள். ரத்தத்தில் அந்தந்தக் கொழுப்பை உடைக்கும் என்சைம் என்ற புரதம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் அன்றாட வேலை. இதில் பார்த்ததையும், இந்த வேலைக்கே அடித்தளம் போட்ட டாக்டர் ராஸ்கோ பிரேடியின் ஆராய்ச்சியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஆராய்ச்சியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட கேள்விகளைத்தான், எங்களுக்கு போன் செய்யும் அப்பா அம்மாக்கள் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வரிசையில் கேட்கிறார்கள்.

முதல் கேள்வி எப்போதும் சாப்பாட்டில் இருந்துதான் தொடங்கும். தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். "மேடம், பாப்பாவுக்குக் கொழுப்பு சேருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கம்மா நெய், முட்டை, பால் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. சரிதானே?" அந்தப் பாப்பாவுக்கு வயிறு மட்டும் உப்பி, கை காலெல்லாம் மெலிந்திருந்தது. ஏற்கெனவே வளர்ச்சி பின்தங்கிய குழந்தை. "சார், தயவுசெய்து எதையும் நிறுத்தாதீங்க, இது நாம சாப்பிடற கொழுப்பு இல்லை" என்று சொன்னேன். அவர் உடனே "அப்ப எங்கிருந்து வருது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவே ஏறக்குறைய எண்பது வருடம் ஆகியிருக்கிறது. 1882ல் பாரிஸில் மருத்துவ மாணவராக இருந்த ஃபிலிப் கோஷே, பெரிய மண்ணீரலோடு வந்த 32 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். அவர் அதை மண்ணீரலில் வந்த ஒருவகைக் கட்டி என்றே நினைத்தார். 1934ல்தான் அந்தச் செல்களுக்குள் இருப்பது குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பு என்று உறுதியானது. ஒரு சர்க்கரையும் ஒரு கொழுப்புப் பகுதியும் ஒட்டியிருக்கும் பொருள் அது. சரி, அது ஏன் குவிகிறது? உடம்பு அளவுக்கு மேல் தயாரிக்கிறதா, இல்லை தயாரித்ததை உடைக்க முடியவில்லையா?

பிரேடி இந்த இடத்தில்தான் வருகிறார். 1923ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர், 1954ல் வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஐம்பது வருடத்துக்கும் மேல் அங்கேயே ஆராய்ச்சி செய்தார். நோயாளிகளிடமிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த மண்ணீரலை மெல்லிய துண்டுகளாக்கி, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டுகள் கொழுப்பைச் சாதாரண வேகத்தில்தான் தயாரித்தன. தயாரிப்பில் கோளாறு இல்லை என்று 1960லேயே எழுதிவிட்டார். அடுத்த சோதனைக்குக் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசெரிப்ரோசைடே வேண்டும், அது கடையில் கிடைக்காது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து வந்த வேதியியலாளர் டேவிட் ஷாபிரோ துணையோடு அதைத் தயாரித்து, 1965ல் விடையை வெளியிட்டார்கள்: அந்தக் கொழுப்பிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கும் குளுக்கோசெரிப்ரோசைடேஸ் என்ற என்சைம் கோஷே நோயாளிகளிடம் மிகக் குறைவு. அடுத்த வருடம் நீமன்-பிக், அதற்கடுத்த வருடம் ஃபேப்ரி என்று வரிசையாக அதே பாணியில் அவருடைய குழு காரணத்தைக் கண்டுபிடித்தது.

தர்மபுரி அப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். வயதாகிப் போன சிவப்பணுக்களையும் வெள்ளணுக்களையும் தினமும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கிச் சிதைக்கின்றன. அந்த அணுக்களின் மேலுறையில் இருக்கும் கொழுப்பில் ஒரு பகுதிதான் இந்தச் சரக்கு. உங்கள் பாப்பாவின் செல்லுக்குள் லைசோசோம் என்ற சின்னப் பையில் அதை உடைக்கும் என்சைம் போதவில்லை, அதனால் தேங்குகிறது. நெய்யை நிறுத்தினால் அது குறையாது, பிள்ளைதான் இன்னும் மெலியும். அவர் போனை அவருடைய அம்மாவிடமே கொடுத்து, "நீங்களே சொல்லுங்க மேடம்" என்றார். சொன்னேன். இந்த ஒரு விஷயத்தை எல்லாப் பாட்டிகளுக்கும் நேரில் போய்ச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அடுத்து, எல்லோரும் தவறாமல் கேட்பது: ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியும் என்றால் ஏன் இவ்வளவு நாள் அலைந்தோம்?

இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். பிரேடியின் குழு 1967லேயே கொஞ்சம் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களைப் பிரித்து கோஷேயையும் நீமன்-பிக்கையும் கண்டறியும் முறையை வெளியிட்டுவிட்டது. அப்படியிருந்தும் எங்களிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு எலும்பு மஜ்ஜையை ஊசி போட்டு எடுத்திருப்பார்கள், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. காசநோய், மலேரியா, ரத்தப் புற்றுநோய் என்று ஒவ்வொன்றாகத் தேடியிருப்பார்கள். அவற்றைத் தேடியது தப்பில்லை, நம் ஊரில் மண்ணீரல் வீக்கத்துக்கு அவையெல்லாம் இதைவிடச் சாதாரணமான காரணங்கள். ஆனால் வீங்கிய மண்ணீரல், ரத்தசோகை, குறைந்த பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து காரணம் தெரியாமல் நின்றால், மஜ்ஜைக்கு முன்பாகவோ குறைந்தபட்சம் அதோடு சேர்த்தோ என்சைம் டெஸ்ட்டுக்கும் ரத்தம் அனுப்பிவிடலாம். டாக்டரிடம் நீங்களே கேட்கலாம்: "கோஷே மாதிரி சேமிப்பு நோய்க்கு என்சைம் பார்க்கலாமா சார்?" கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முக்கியமாக, மண்ணீரலை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால், அதற்கு முன் இந்த டெஸ்ட் கட்டாயம். கோஷே குழந்தைக்கு மண்ணீரலை எடுத்த பிறகு எலும்புப் பிரச்சினைகள் அதிகமாவதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள், கிருமித் தொற்று பயமும் ஆயுளுக்கும் இருக்கும்.

டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், ரத்தம் அனுப்புவதில் நாங்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறோம் என்பதும் புரியும். வந்த ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்து அகற்றி, குழாயின் அடியில் படியும் வெள்ளணுக்களை எடுக்கிறோம். வெள்ளையாக, கண்ணுக்கு லேசாகத் தெரியும் ஒரு சின்னப் படிவு. அதை உடைத்து, என்சைம் வெட்டினால் ஒளிரும்படி தயாரித்த ஒரு செயற்கைப் பொருளோடு 37 டிகிரியில் வைக்கிறோம். பித்த உப்பு ஒன்றையும் சேர்க்க வேண்டும், அது இல்லாவிட்டால் வேறு என்சைம்கள் குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும். கடைசியில் காரக் கரைசல் ஊற்றி நிறுத்தி, கறுப்புத் தட்டில் வரிசையாக இருக்கும் குழிகளைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால், என்சைம் உள்ள குழி பளிச்சென்று நீலமாக ஒளிரும். நோயுள்ள குழந்தையின் குழி அதன் பக்கத்திலேயே கிட்டத்தட்ட இருட்டாக இருக்கும். எண்ணைக் கருவிதான் தரும், ஆனாலும் நான் ஒவ்வொரு முறையும் கண்ணால் ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் கருவிக்குள் வைப்பேன்.

இப்போது பாருங்கள், அந்தக் குழி இருட்டாக இருப்பதற்கு நோய் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வெந்த ரத்தத்திலும் என்சைம் செத்துப்போயிருக்கும். அதனால்தான் அதே ரத்தத்தில் சம்பந்தமில்லாத இன்னொரு லைசோசோம் என்சைமையும் சேர்த்துப் பார்க்கிறோம். இரண்டும் குறைவென்றால் ரத்தம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்ப எடுக்கச் சொல்வோம். ஒன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால்தான் நோய் என்று எழுதுவோம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டாவது என்சைமின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேபில் கேளுங்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் வேண்டும், டிஎன்ஏவுக்குத் தனியாக ஊதா மூடி. வேறு லேபில் வேறு மாதிரி கேட்கலாம், எடுக்கும் முன் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. ஐஸ் பேக் வேண்டும், ஆனால் குழாய் ஐஸில் நேராக ஒட்டக்கூடாது, நடுவில் பஞ்சோ துணியோ இருக்க வேண்டும், உறைந்து போன ரத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளி, சனியில் எடுக்க வேண்டாம், ஞாயிறு முழுக்க ஏதாவது கிடங்கில் கிடக்கும். முடிந்தால் உறவுக்காரர் அல்லாத, நலமாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து அதே பெட்டியில் அனுப்புங்கள். வழியில் என்ன நடந்தாலும் இரண்டுக்கும் சேர்ந்தே நடந்திருக்கும், ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இன்னொன்று, இதுதான் அதிகம் விட்டுப்போவது. ரத்தசோகை என்று பிள்ளைக்கு ரத்தம் ஏற்றியிருப்பார்கள், அதற்கு மறுநாள் என்சைமுக்கு எடுப்பார்கள். ஏற்றிய ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளணுக்களும் இருக்கலாம், அவருடைய என்சைமை அளந்து 'நார்மல்' என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. ரத்தம் ஏற்றும் முன்பே இதற்கு ஒரு குழாய் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்றால் தேதியைப் படிவத்தில் எழுதுங்கள், எத்தனை நாள் காத்திருப்பது என்று லேப் சொல்லும்.

காகிதத்தில் சொட்டிய உலர்ந்த ரத்தத்திலும் பார்க்கலாம், தூரத்து ஊர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதைச் சல்லடையாக மட்டும் எடுத்துக்கொண்டு, குறைவாக வந்தால் வெள்ளணுவில் உறுதி செய்ய வேண்டும். நேராக ஜீன் டெஸ்ட்டுக்கே போய்விடலாமே என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். கோஷேக்குக் காரணமான ஜிபிஏ1 ஜீனுக்குப் பக்கத்திலேயே அதைப்போலவே இருக்கும் ஒரு செயல்படாத போலி ஜீன் உண்டு. எல்லா ஜீன்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரே தடவையில் படிக்கும் சாதாரண எக்ஸோம் பரிசோதனை இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஜீனில் இருக்கும் மாற்றத்தையே விட்டுவிடக்கூடும். என் கருத்தில் கோஷே சந்தேகத்துக்கு முதலில் என்சைம், அதன் பிறகு அந்தப் போலி ஜீனைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த இடத்தில் ஜீன். ஃபேப்ரியில் பெண்களுக்கு மட்டும் இது தலைகீழ். அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள பெண்ணுக்கும் என்சைம் நார்மலாக வரலாம், அங்கே ஜீன் பார்த்தே ஆக வேண்டும். பையன்களில் கை கால் எரிச்சல் என்று அழுது, வியர்வையே வராமல், வெயிலில் விளையாட முடியாமல் இருந்தால் ஃபேப்ரியையும் நினைவில் வையுங்கள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று அடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட் உறுதியானதும் வரும் கேள்வி, "கம்மியா இருக்கற அந்த என்சைமை மாத்திரையா குடுக்க முடியாதா?" மாத்திரையாகக் கொடுத்தால் வயிறு அதைச் சாதாரணப் புரதமாக நினைத்துச் செரித்துவிடும். ரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கலாமே என்று பிரேடி 1966லேயே எழுதினார். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் 25 வருடம் போயிற்று. இந்த 25 வருடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேசத் தோன்றும்.

பிரசவத்துக்குப் பிறகு தூக்கி எறியும் நஞ்சுக்கொடியில் இந்த என்சைம் இருந்தது. அதிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து, இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றி, 1974ல் முடிவை வெளியிட்டார்கள். கல்லீரலில் தேங்கிய கொழுப்பில் கால் பங்கு குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு அதிக அளவில் தயாரிக்க வேறு முறைக்கு மாறினார்கள், அதைக் கொடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. காரணம் தேடியபோது தெரிந்தது, என்சைம் கல்லீரலுக்குப் போகிறது, ஆனால் கொழுப்பு தேங்காத சாதாரணக் கல்லீரல் செல்களுக்குள் போய்விடுகிறது, கொழுப்பு தேங்கிய மேக்ரோஃபேஜுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கிறது. மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது என்பது அந்தக் காலத்தில் தெரியவந்திருந்தது. என்சைமில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டி, உள்ளே இருக்கும் மேனோஸை வெளியே தெரிய வைத்தார்கள். முகவரி ஒட்டாத பார்சலில் சரியான முகவரியை ஒட்டியது போல, இப்போது அது போக வேண்டிய செல்லுக்குப் போனது.

அதோடும் முடியவில்லை. மாற்றிய என்சைமைப் பல நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு சின்னப் பையனுக்கு மட்டும் ஹீமோகுளோபின் ஏறியது, மண்ணீரல் சுருங்கியது. மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பியது, மறுபடி கொடுத்தால் மறுபடி தேறினான். அவனுக்கு மட்டும் ஏன்? எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்திருக்கிறார்கள், இவன் உடம்பு எடை குறைந்தவன், அதனால் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் இவனுக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. பிறகு 12 பேருக்கு, ஒரு கிலோ எடைக்கு 60 யூனிட் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்து, 1991ல் வெளியிட்டார்கள். அதே வருடம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த அந்த மருந்துக்குப் பதிலாக, 1994ல் செல்களை வளர்த்துத் தயாரித்த இமிகுளூசெரேஸ் வந்தது. பலனில்லை என்று ஆராய்ச்சியைக் கைவிட எத்தனையோ சந்தர்ப்பங்கள் இருந்தும், ஒரே ஒரு பையனுக்கு ஏன் பலித்தது என்று உட்கார்ந்து யோசித்தார்களே, அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பெற்றோருக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு பயன் உண்டு. அளவு எடைக்கு எடை ஏற வேண்டிய மருந்து இது. பிள்ளை வளர வளர எடையைச் சொல்லி அளவைத் திருத்தச் சொல்லுங்கள். செலவும் அதோடு ஏறிக்கொண்டே போகும், அதை முதலிலேயே டாக்டரிடமும் சமூகப் பணியாளரிடமும் பேசிவிடுங்கள். இந்தியாவில் 2021ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ், குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அந்த மையங்களில் ஒன்று. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கு அந்த உச்சவரம்பு போதவே போதாது. மருந்து நிறுவனங்களின் மனிதாபிமானத் திட்டங்களும் இருக்கின்றன, விண்ணப்பத்துக்கு என்சைம் ரிப்போர்ட், ஜீன் ரிப்போர்ட் இரண்டும் தேவைப்படலாம், பத்திரமாக வையுங்கள்.

மருந்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ரத்தத்தில் ஏற்றும் என்சைம் மூளைக்குள் நுழையாது. மூளையைத் தொடாத முதல் வகைக் கோஷேக்கு அது வாழ்க்கையையே மாற்றிவிடும். மூளையையும் பாதிக்கும் வகைகளில் வயிறும் ரத்தமும் தேறும், நரம்புப் பாதிப்பு தேறாது. இந்தியக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் எல்444பி என்ற ஜீன் மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால், பெரும்பாலும் மூளையையும் பாதிக்கும் மூன்றாம் வகையாக இருக்கும். பிள்ளை பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணை மட்டும் திருப்பாமல் தலையை வெட்டித் திருப்புகிறதா, பார்க்கும் முன் கண்ணை இமைக்கிறதா என்று கவனியுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி.

கடைசியாக, பெரும்பாலும் அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது, அடுத்த குழந்தையைப் பற்றி. "என் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு மாமியார் சொல்றாங்க மேடம்." கோஷேயும் நீமன்-பிக்கும் டே-சாக்ஸும் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் வரும், ஒருவர் மேல் மட்டும் பழி போட வழியே இல்லை. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் சொந்தமில்லாத வீடுகளிலும் இது வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அப்படிக் கணக்கு இல்லை. அண்ணன் தம்பி, அத்தை மகன் என்று உறவில் யாருக்கு மாற்றம் இருக்கிறது என்று தெரிய என்சைம் அளவை நம்பக்கூடாது, நோய் வராமல் மாற்றத்தை மட்டும் சுமப்பவர்களின் எண்ணும் மாற்றமே இல்லாதவர்களின் எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று விழும். டிஎன்ஏதான் வழி.

கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்க முடியும், ஆனால் முதல் பிள்ளையின் மாற்றம் என்ன என்று அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. பிள்ளை ரொம்ப மோசமாக இருக்கும் சமயத்தில் இதைப் பேசுவது கொடுமைதான், எனக்கும் வாய் வராது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லி ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏவைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், அப்பா அம்மா இருவரின் ரத்தத்தையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள். எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.